எம்மெட் வீட்டுச் சூடு

மழை பெய்துவிட்டால் எனக்கு லீவு கிடையாது. சனியோ ஞாயிறோ, யார் வீட்டுக் கல்யாணமோ, எதுவானாலும் சரி. கெட்டில் கவுண்டி என்கிற எங்கள் மாவட்டத்தில் தார் ரோடு நடுவில் ஒன்றே ஒன்று ஓடுகிறது. மிச்சமெல்லாம் மணலும் சரளையும்தான். காய்ந்து கிடக்கும்போது ரோடு சீவும் கிரேடர் வண்டியை ஓட்டினால் தூசிதான் கிளம்பும், ரோடு படியாது. மண்ணில் ஈரம் இருக்கிற இரண்டு மூன்று நாளுக்குள் பிளேடை இறக்கிச் சீவி, மேடு பள்ளத்தைச் சமமாக்கிவிட வேண்டும். இருபது வருஷத்துக்கு மேலாக இதுதான் என் பிழைப்பு. பொம்பளை கிரேடர் ஓட்டுவதா என்று ஆரம்பத்தில் வேடிக்கை பார்த்தவர்கள், இப்போது வாசல் வரைக்கும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போ என்று ஆப்பிள் பைப் பலகாரம் சுட்டுவைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். கவுண்டி வண்டியைத் தனியார் வாசலுக்கு ஓட்டக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. சட்டம் போட்டவர்கள் ட்வைலா வீஸ் சுடும் பையைச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.

கிரேடரின் கூண்டு நல்ல உயரம். அதில் உட்கார்ந்தால் கவுண்டி முழுக்கக் கண்ணில் படும், படுவதற்குப் பெரிதாக எதுவும் இல்லை என்பதால். புல் மூடிய மணல்குன்று, அதற்கு அந்தப்பக்கம் இன்னொரு மணல்குன்று, பள்ளத்தில் தண்ணீர் இறைக்கும் காற்றாடி, அதைச் சுற்றிக் கறுப்பு மாடுகள். மனிதரைவிட மாடு பல மடங்கு. ஊர் ஒன்றுதான். அதற்கு ஒரு பெயர் உண்டு, ஆனால் டவுன் என்றாலே போதும். அங்கே ஒரு கோர்ட்டு, ஒரு பள்ளிக்கூடம், ஒரு மளிகைக் கடை, இரண்டு சர்ச், ஒரு பார். டாக்டர் செவ்வாய்க்கிழமை மட்டும் வருவார், அதனால் மற்ற நாட்களில் யாருக்கும் உடம்புக்கு வருவதில்லை. செல்போன் குன்று உச்சியில் மட்டும் வேலை செய்யும். எதிரே வண்டி வந்தால் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்க வேண்டும், அதுதான் எங்கள் வணக்கம். சில நாட்களில் எனக்கு மனுஷ சகவாசம் அந்த ஒற்றை விரலோடு முடிந்துவிடும்.

இங்கே கேட்கக்கூடாத கேள்விகள் சில உண்டு. எத்தனை மாடு வைத்திருக்கிறாய் என்று ஒருவரைக் கேட்கக்கூடாது. அது பாங்கில் எவ்வளவு போட்டிருக்கிறாய் என்று கேட்பதுதான். நிலத்தை விற்கப்போகிறாயா என்று கேட்கவே கூடாது. மனசு கிடந்து அடித்துக்கொண்டாலும் மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போய்விட வேண்டும். இதை நாங்கள் மரியாதை என்று சொல்லிக்கொள்கிறோம். எனக்கு அந்த வார்த்தைமேல் எப்போதுமே சந்தேகம்தான்.

மே மாதம் சூடு போடும் மாதம். பிறந்து இரண்டு மாசமான கன்றுகளுக்கு அந்தந்த வீட்டு அடையாளத்தைத் தொடையில் போட்டுவிட்டுக் கோடை மேய்ச்சலுக்கு விரட்ட வேண்டும். ஒரு குடும்பத்தால் முடிகிற வேலை இல்லை இது. கயிறு வீசிப் பின்னங்காலைப் பிடித்து இழுத்துவரக் குதிரைக்காரர்கள் வேண்டும், இழுத்துவந்த கன்றை அமுக்கிப் பிடிக்க ஜோடி ஜோடியாக ஆட்கள் வேண்டும், ஊசி போட, காயடிக்க, சூட்டுக்கோல் பிடிக்க ஆள் வேண்டும். கூலி கிடையாது. இன்றைக்கு உன் வீட்டுக்கு நான் வந்தால் நாளைக்கு என் வீட்டுக்கு நீ வருவாய். மத்தியானம் வயிறு முட்டச் சாப்பாடு, அதற்குப் பிறகு பீர். ஆனால் கூப்பிடாமல் யாரும் போகமாட்டார்கள். அது கூப்பிடாத கல்யாணத்தில் போய்ப் பந்தியில் உட்காருவதைவிட மோசம். எனக்கு மாடு கிடையாது, அதனால் என்னைக் கூப்பிட யாருக்கும் தோன்றியதில்லை. இருபது வருஷமாக எல்லார் வீட்டுச் சூட்டையும் கூண்டுக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு, ஒரு விரலைத் தூக்கிக்காட்டிவிட்டுப் போயிருக்கிறேன். வருத்தம் இல்லையா என்றால், இருக்கிறது.

எம்மெட் வாசெக்குக்கு எழுபது தாண்டிவிட்டது. வடக்கு ரோட்டின் கடைசியில் அவர் பண்ணை. ஜனவரியில் அவர் மனைவி லவோன் செத்துப்போனாள். அன்றைக்கு வேலிக் கம்பம் தெரியாத அளவுக்குப் பனி. அவளைக் கொண்டுபோன வண்டிக்கு முன்னால் கல்லறை வரைக்கும் பனியைத் தள்ளிக்கொண்டு போனவள் நான்தான். எம்மெட் வாயைத் திறந்து பேசுகிற மனுஷர் இல்லை. ரெண்டு பேருக்கும் சேர்த்து லவோன் பேசுவாள். கல்லறையில்கூட வந்தவர்களுக்கு நன்றி சொல்ல அவர் பக்கத்தில் திரும்பிப் பார்த்ததை நான் பார்த்தேன், அவள் சொல்லுவாள் என்று.

ஒமாஹா நகரத்திலிருந்து வந்த அவர் மகள், எல்லாவற்றையும் விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொன்னாள். பக்கத்துக் கவுண்டிக்காரன் ஒருவன் அந்தப் புல்லுக்காக நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு இரண்டு தடவை வந்து போனான். எம்மெட் இருவருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னார்: "சூடு முடியட்டும்." அது டவுனுக்குப் போய்ச் சேரும்போது, எம்மெட் விற்கிறார் என்று ஆகிவிட்டது.

மற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. நடுரோட்டில் வண்டியை அவர் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்திக் கண்ணாடியை இறக்கி, வர்ற வியாழக்கிழமை எங்க வீட்ல சூடு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவரும் தலையாட்டிவிட்டு எல்லார் வீட்டுக்கும் போய், சொன்ன வேலையைச் செய்து, போட்டதைச் சாப்பிட்டுவிட்டு வந்தார். உங்கள் வீட்டில் என்றைக்கு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டால் விற்கப்போகிறாயா என்று கேட்ட மாதிரி ஆகிவிடுமே. அவரும் சொல்லவில்லை.

மே நடுவில் ஒரு வியாழக்கிழமை நல்ல மழை. சனிக்கிழமை காலையில் வடக்கு ரோட்டைச் சீவிக்கொண்டு போனபோதே மாடுகள் கத்தும் சத்தம் கேட்டது. கன்றைப் பிரித்தால் மட்டும் வருகிற கத்தல் அது. குன்று ஏறியதும் எம்மெட்டின் பட்டி தெரிந்தது. வெளியே தாய்மாடுகள், உள்ளே கன்றுகள், கேஸ் அடுப்பு இரைகிறது, அதில் சூட்டுக்கோல்கள் பழுத்துக்கொண்டிருக்கின்றன. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் எம்மெட் கம்பியில் சாய்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேறு ஒரு ஆள் இல்லை, ஒரு வண்டி இல்லை.

கடைசி வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். அதே இடத்தில் அதே மாதிரி நின்றார். தனிக்கட்டையான நான் மனைவியை இழந்தவர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினால் சாயங்காலத்துக்குள் டவுனில் எங்களுக்குக் கல்யாணமே முடித்துவிடுவார்கள். இருக்கட்டும் என்று பிளேடை இறக்கி, அவர் பாதையைச் சீவுகிற சாக்கில் உள்ளே ஓட்டினேன்.

கொட்டகைக்குக் கீழே பலகை மேஜைகளை வரிசையாகப் போட்டு, வெள்ளைக் காகிதம் விரித்து, நாற்பது தட்டுகளைக் கவிழ்த்து வைத்திருந்தார். காற்றுக்குப் பறக்காமல் காகிதத்தின்மேல் அங்கங்கே குதிரை லாடம். பெரிய பாத்திரத்தில் மாட்டிறைச்சி, இன்னொன்றில் பீன்ஸ். பீன்ஸ் அடிபிடித்த வாசனை வந்தது. பை சுடத் தெரியாததால் கடையில் வாங்கிய பிஸ்கட்டைக் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தார்.

"என்ன எம்மெட், சூடா?"

"ம்."

"ஆளுங்க?"

"வரல. எப்பவும் ஏழு மணிக்கு வந்துடுவாங்க. இப்ப ஒன்பதரை."

"மாட்டையெல்லாம் யாரு ஓட்டிட்டு வந்தா?"

"நான்தான். தீவன வண்டில ஹாரன் அடிச்சா பின்னாடியே வந்துடுமே."

"சமையல்?"

"பாத்தா தெரியல?"

"யார் யாரைக் கூப்பிட்டீங்க?"

கிறுக்குப் பிடித்தவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். "கூப்பிடுறதா? மே மாசம் மூணாவது சனிக்கிழம. எங்கப்பா காலத்துலேர்ந்து அதான். யாருக்குத் தெரியாது? கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரு வருஷம்கூட யாரும் வராம இருந்ததில்ல. தானா வந்து நிப்பாங்க."

எனக்கு யாரும் அழைப்பு வைத்ததில்லை என்பதால், எப்படிக் கூப்பிடுவார்கள் என்பது எனக்கும் தெரியாது. இருந்தாலும் மனசில் ஏதோ இடித்தது.

"நீங்க சொல்லாததுனால இருக்கும் எம்மெட். நான் ஒரு நடை போய் சொல்லிட்டு வந்துடறேன்."

"வேண்டாம்."

"இதுல என்ன இருக்கு?"

"கெஞ்சி வர்ற கூட்டம் எனக்கு வேண்டாம் பெர்ட்டி. இந்த வருஷமும் எல்லார் வீட்டுக்கும் போனேன். அந்தப் பயலுங்களோட கன்னுக்குட்டி உதைச்சு இந்த முட்டி இன்னும் வீங்கியிருக்கு. ஒருத்தன், ஒரே ஒருத்தன், சனிக்கிழம பாக்கலாம்னு சொன்னானா? சரி, ஊரு சொல்லிடுச்சு. நான் புரிஞ்சுக்கிட்டேன்." அடுப்பைக் குனிந்து பார்த்தார். "திங்கக்கிழம ஏலக்காரனுக்கு போன் பண்ணிடறேன். கன்னோட சேர்த்து ஏத்திட்டுப் போகட்டும். பொண்ணு வீட்ல ஒரு ரூம் இருக்காம். ஜன்னலத் தொறந்தா கார் நிறுத்துற இடம் தெரியுமாம்."

அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. அந்தத் தட்டுகளைப் பார்க்க முடியாமல் வண்டியில் ஏறிவிட்டேன்.

ரோட்டுக்கு வந்ததும் கிரேடரை நிறுத்தி ரேடியோவை எடுத்தேன். அது ரோடு வேலைக்கும் போலீஸுக்கும் ஆம்புலன்ஸுக்கும் பொதுவானது. மறுமுனையில் கோர்ட்டில் உட்கார்ந்து பதில் சொல்பவள் நெல்டா. ஆனால் எங்கள் கவுண்டியில் அதைக் கேட்கும் பெட்டி இல்லாத சமையலறை கிடையாது. ஒருத்தரை ஒருத்தர் எதுவும் கேட்காத ஊருக்கு விஷயம் தெரிய வேறு வழி?

"நெல்டா, பெர்ட்டி பேசறேன். வடக்கு ரோட்டுல வேலைய நிறுத்தி வெக்கிறேன். வண்டிங்க நிறைய வரும்."

"அந்த ரோட்லயா? எதுக்கு?"

"எம்மெட் வீட்ல இன்னைக்கு சூடு."

நெல்டா மெல்ல, "எத்தன வண்டி நிக்குது?" என்றாள்.

"ஒண்ணும் இல்ல. கன்னுங்கள அடைச்சாச்சு, கோலும் பழுத்தாச்சு. நாப்பது தட்டு கவுத்து வெச்சிருக்கு. பீன்ஸ் அடிபிடிச்ச வாசன ரோடு வரைக்கும் வருது."

"பெர்ட்டி, இது ரோடு விஷயம் மட்டும் பேசற ரேடியோ."

"ரோடு விஷயந்தான் பேசறேன்."

"அதத்தான் நானும் சொல்றேன். எனக்கு சரியா கேக்கல. முதல்லேர்ந்து இன்னொரு தடவ, நல்லா சத்தமா சொல்லு."

சொன்னேன்.

ஈரத்தில் தூசி எழவில்லை. குதிரை ஏற்றிய டிரெய்லர்கள் கடகடவென்று வரும் சத்தம்தான் முதலில் கேட்டது. பிற்பாடு யோசித்துப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்த மூன்றாவது சனிக்கிழமையில் வேறு எந்த வீட்டிலும் சூடு இல்லை. ஒருத்தர் பாக்கியில்லாமல் அந்த நாளை எம்மெட்டுக்காக ஒதுக்கி வைத்துவிட்டு, கூப்பிடவில்லையே என்று அவரவர் வீட்டில் காப்பியைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள்.

முதலில் வந்தது மேற்கு வேலிக்கு அந்தப்பக்கத்துக்காரர் ஆர்வில் வீஸும் மனைவி ட்வைலாவும். ஆர்வில் இறங்கி ஒரு கடப்பாரையை நீட்டினார்.

"உங்க கடப்பாரை எங்கிட்ட ரொம்ப நாளா கிடக்குது எம்மெட். இந்தப் பக்கம் வந்தேன், குடுத்துட்டுப் போலாம்னு."

எம்மெட் டிரெய்லருக்குள் எட்டிப் பார்த்தார். மூன்று குதிரைகள் சேணத்தோடு நின்றன. "ஒரு கடப்பாரையத் தூக்க மூணு குதிரையா?"

"கனமான கடப்பாரை."

அடுத்து டிக் ஸ்டால்மன், குதிரையை விரட்டும் முள் கட்டிய பூட்ஸோடு இறங்கினார். "டவுனுக்குப் போய்க்கிட்டிருந்தேன், வழி தப்பிட்டுது."

"டவுனு தெக்கால இருக்கு டிக். நீ அங்கதான் பொறந்த."

"வயசாகுதில்ல?"

பாதிரியார் ஊசிமருந்தோடு வந்தார், ஜெபம் பண்ண வந்தேன் என்றார். பதினோரு மணிக்குள் பட்டியைச் சுற்றி வண்டி நிறுத்த இடமில்லை. ரேடியோ என்ற வார்த்தையை ஒருத்தரும் உச்சரிக்கவில்லை. எம்மெட்டின் முகத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் அடுப்பிலிருந்து ஒரு கோலை எடுத்துப் பழுத்துவிட்டதா என்று பார்த்தார்.

நான் கிரேடரில் ஏறப்போனேன். ட்வைலா என் கையில் ஊசியைத் திணித்தாள். "எங்கடி போற? ஊசி போடத் தெரியுமா?"

"தெரியாது."

"கழுத்துத் தோல இழுத்துப் பிடி, உள்ள விடு. ரோட்டையே சீவுறவளுக்கு இது என்ன பெரிய வித்தையா?"

கயிறுகள் பறந்தன. மயிர் கருகும் புகை கண்ணை எரித்தது. கன்று கத்த, தாய் வெளியிலிருந்து பதில் கத்த, மனுஷர் அதற்கு மேல் கத்தினார்கள். "பிடிடா கால", "யோவ், ஊசி வந்தாச்சா", "பெர்ட்டி, எனக்கே போட்டுடாதம்மா." சட்டையெல்லாம் சாணி, ரத்தம், மணல். அடையாளம் போடும் கோலை மட்டும் எம்மெட் வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. ஒவ்வொரு கன்றுக்கும் தானே குனிந்து நிதானமாக வைத்து எடுத்தார். நான் அன்றைக்கு சந்தோஷமாக இருந்தேன், சொல்வதற்கென்ன வெட்கம்.

சாப்பாட்டில் பீன்ஸைப் பற்றி எல்லாரும் ரொம்ப நல்லா இருக்கு என்று பொய் சொன்னார்கள். டிக் இரண்டாம் தடவை வேறு வாங்கிச் சாப்பிட்டார்.

பிற்பாடு சமையலறையில் ட்வைலா தட்டுக் கழுவ, நான் துடைத்துக்கொண்டிருந்தேன். எம்மெட் காலிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். ட்வைலா திரும்பாமலே பேசினாள்.

"கோச்சுக்காதீங்க எம்மெட். மே மாசம் முதல் ஞாயித்துக்கிழம பூரா நான் போன் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். சர்ச்சுக்குக்கூட போகல. லவோன் இல்லாட்டியும் நீங்களாவது பண்ணுவீங்கன்னு. பண்ணல. சரி, வித்துட்டாருபோலன்னு..." அதற்குமேல் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று நிறுத்திக்கொண்டாள்.

"லவோன் எதுக்கு போன் பண்ணுவா?"

"சூட்டுக்குக் கூப்பிடத்தான்."

"யார?"

"எல்லாரையும்தான். ஞாயித்துக்கிழம மத்தியானம் உக்காந்தான்னா இருட்டுற வரைக்கும் வீடு வீடா பேசுவா." ட்வைலா இப்போதுதான் திரும்பினாள். "உங்களுக்குத் தெரியாதா?"

எம்மெட் பாத்திரத்தைக் கீழே வைத்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அவர் காற்றாடிகளைப் பார்க்கப் போய்விடுவார். அது எனக்கே தெரியும், ரோட்டில் விரலைத் தூக்கியிருக்கிறேன்.

"என்ன சொல்லுவா?" என்று கேட்டார்.

"என்ன சொல்லுவா... முதல்ல எவ்வளவு மழைன்னு கேப்பா. அப்புறம் எங்கம்மா முட்டி வலி எப்படி இருக்குன்னு. கடைசியா, மூணாவது சனிக்கிழம சூடு, எம்மெட் கேக்கச் சொன்னாரு, நீங்க இல்லாம அவருக்கு ஆகாதாம்னு சொல்லுவா. வருஷா வருஷம் அதே வார்த்த. ஆர்விலுக்கு அதக் கேட்டாதான் சந்தோஷம். எம்மெட் நேர்ல ஒரு வார்த்த பேசமாட்டான், ஆனா மனசுல வெச்சிருக்கான் பாருன்னு சொல்லுவாரு."

எம்மெட் கேட்கச் சொன்னதே இல்லை. அது அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. ஊர் தன்னைத் தேடித் தானாக வருகிறது என்று இத்தனை வருஷம் நிமிர்ந்து நடந்த மனுஷர் சுவரிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். ட்வைலா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் காலை மிதித்தேன்.

எல்லாரும் கிளம்பிய பிறகு கடைசியாகக் கிரேடர்தான். எம்மெட் வண்டியின் படிக்கட்டுப் பக்கம் வந்து நின்றார். சட்டை வெள்ளை என்று இப்போது யாரும் சொல்லமாட்டார்கள்.

"உனக்கும் போன் பண்ணுவாளா பெர்ட்டி? லவோன்?"

"எனக்கு எதுக்கு? எங்கிட்ட மாடா இருக்கு?"

தலையாட்டினார். திங்கட்கிழமை ஏலக்காரனுக்கு அவர் போன் பண்ணவில்லை என்று மட்டும் நெல்டா மூலமாகத் தெரிந்துகொண்டேன். எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

குளிர்காலம் வழக்கம்போல நீளமாக இருந்தது. அவர் ரோட்டில் பனியைத் தள்ளும்போது சமையலறை ஜன்னலில் அவர் தலை தெரியும். ஒரு விரல் உயரும், நானும் தூக்குவேன். அவ்வளவுதான்.

அடுத்த மே மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்கு வெளியே போக ஆயிரம் வேலை இருந்தது. போகவில்லை. சும்மாதான் உட்கார்ந்திருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலில் வெளிச்சம் சாய்ந்துகொண்டே வந்தது. இருட்டப்போகும் நேரத்தில் போன் அடித்தது.

"பெர்ட்டி?"

"ஆமா."

"இங்க அரை அங்குலம் பெய்ஞ்சுது. அங்க எவ்வளவு?"

"இங்கயும் அவ்வளவுதான்."

எத்தனை வீட்டுக்குப் பேசிவிட்டு வருகிறாரோ, தொண்டை கட்டியிருந்தது.

"உங்கம்மா முட்டி வலி எப்படி இருக்கு?"

எங்கம்மா செத்துப்போய்ப் பல வருஷம் ஆகிறது. சவ ஊர்வலத்துக்கு அவரும் வந்திருந்தார்.

"தேவலாம் எம்மெட்," என்றேன்.

"மூணாவது சனிக்கிழம சூடு." ஏதோ செங்குத்தான இடத்தில் ஏறுகிறவர் மாதிரி மூச்சை இழுத்துக்கொண்டார். "எம்மெட் கேக்கச் சொன்னாரு. நீ இல்லாம அவருக்கு ஆகாதாம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"வந்துடறேன்னு சொல்லுங்க அவர்கிட்ட."